சின்ன டிரெயிலருக்கு எந்த வண்டி? மலைநாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படுத்துத் தூங்க ஒரு கட்டில், பின்பக்கம் சின்ன அடுப்படி, மேலே ஒரு சோலர் தகடு. இப்படிச் சிறிய பயண டிரெயிலர் ஒன்றை வாங்கவோ கராஜில் சொல்லிக் கட்டுவிக்கவோ நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "என்னுடைய வண்டி இதை நுவரெலியாவுக்கு இழுக்குமா?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: நுவரெலியாவிலிருந்து இதைப் பத்திரமாகக் கீழே கொண்டுவருமா?

ஏற்றத்தில் வண்டிக்குப் பலம் போதாவிட்டால் ஓரமாக நின்றுவிடும். பின்னால் வரும் பஸ்காரர் ஹோர்ன் அடிப்பார், என்ஜின் சூடு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். அதோடு முடிந்தது. இறக்கத்தில் பிரேக் போதாவிட்டால் காத்திருக்க இடம் கிடையாது. 2025 இல் றம்பொடைக்கு அருகே கரண்டி எல்லவிலும், அப்புறம் எல்ல–வெல்லவாய வீதியிலும் பஸ்கள் பள்ளத்தில் விழுந்து பல உயிர்கள் போனதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. நாம் டிரெயிலரை இழுத்துப் போக ஆசைப்படுவதும் இதே வீதிகளில்தான்.

ஏற்றத்துக்கு மட்டும் வண்டி பார்ப்பது

கம்பளை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா 1868 மீற்றர். புஸ்ஸல்லாவ, றம்பொடை வழியாகப் போகும் ஏ5 வீதி அறுபது கிலோமீற்றருக்குள் இந்த வித்தியாசத்தைக் கடக்கிறது. ஆட்களோடும் சாமான்களோடும் 1800 கிலோ வரும் ஒரு ஜீப், பின்னால் 700 கிலோ டிரெயிலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலேயிருந்து கம்பளைக்கு இறங்கி முடிப்பதற்குள் அந்த 2500 கிலோ விடுவிக்கும் சக்தி ஒன்பது கிலோவாட் மணிக்குக் கூட வரும். 2 கிலோவாட் மின்கேத்தல் ஒன்றை நாலரை மணித்தியாலத்துக்கு மேல் நிறுத்தாமல் கொதிக்கவிடும் சக்தி அது. காற்றும் டயரும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை என்ஜின் எடுக்க வேண்டும், அல்லது பிரேக் எடுக்க வேண்டும். என்ஜின் எடுக்காததெல்லாம் பிரேக்கின் தலையில்தான் விழும்.

கணவாய்களில் "குறைந்த கியரில் செல்லவும்" என்று பலகை வைத்திருப்பது இதற்காகத்தான். ஆனால் குறைந்த கியர் போட்டால் போதும் என்று எல்லா வண்டிக்கும் சொல்லிவிட முடியாது. 660 சீசீ, 1000 சீசீ என்ஜின்கள் தங்களுடைய காரைப் பிடித்துக்கொள்ளும். பின்னால் இருந்து தள்ளும் இன்னொரு 600, 700 கிலோவைப் பிடிக்க அவற்றால் முடியாது. சின்ன டர்போ என்ஜினிலும் இதே பிரச்சினைதான். ஏறும்போது டர்போ கொடுக்கும் பலம் இறங்கும்போது வந்து நிற்காது. அங்கே கொள்ளளவுதான் பேசும்.

சீவீடீ கியர்பெட்டி (கியர்ப் படிகள் இல்லாமல், பெல்ட் ஒன்றால் கியர் விகிதத்தைத் தானாக மாற்றிக்கொண்டே போகும் ஒட்டோ பெட்டி) உள்ள கார்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கியரை நாமாகக் கீழே இறக்கிப் பிடித்து வைக்கும் வசதி இருக்கிறதா? வெறும் 'டீ' யில் இறங்கும் கார் வேகம் கூடக் கூட விகிதத்தை மாற்றிக்கொண்டு ஓடும், கால் பிரேக்கிலேயே இருக்கும். ஏற்றத்திலோ அதே பெட்டியின் பெல்ட்டும் ஒயிலும் சூடேறும். வெலிமடைப் பக்கத்திலிருந்து ஹக்கல ஏற்றத்தில் டிரெயிலரோடு மெதுவாக ஏறும் சீவீடீ காரில் ஒயில் சூட்டு விளக்கு எரிந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள், "இறக்கத்தில் பெற்றரி சார்ஜ் ஆகும், பிரேக்குக்கு வேலையே இல்லை" என்பார்கள். கொஞ்ச தூரத்துக்கு உண்மை. நீண்ட இறக்கத்தில் பெற்றரி பாதி வழியிலேயே நிரம்பிவிடும். நிரம்பியதும் அந்தப் பிடி குறைந்து, சுமை சாதாரண பிரேக்குக்கும் சின்ன என்ஜினுக்கும் வந்துசேரும். பல சிறிய ஹைபிரிட் கார்களின் கையேட்டில் டிரெயிலர் இழுக்கவே கூடாது என்று போட்டிருக்கிறது. நம்மிடம் ஓடும் கார்களில் நிறைய ஜப்பானிலிருந்து வந்தவை, கையேடும் ஜப்பானிய மொழியில்தான். அதனால் யாரும் திறந்து பார்ப்பதில்லை. போனில் படம்பிடித்து மொழிபெயர்த்தால் ஐந்து நிமிட வேலை. செய்துவிடுங்கள்.

விளம்பரத்தில் இருக்கும் எண்ணை அப்படியே நம்புவது

அவுஸ்திரேலியாவில் விற்கும் ஹைலக்ஸ் டீசல் டபுள் கெப்புக்கு இழுவைத் திறன் 3500 கிலோ என்று போட்டிருப்பார்கள். புதிய ஜிம்னிக்கு 1300 கிலோ. இந்த எண்களைப் பார்த்துவிட்டு, "நம்முடைய டிரெயிலர் வெறும் 700 தானே" என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்த எண்கள் டிரெயிலருக்கே சொந்தமாகப் பிரேக் இருந்தால்தான் செல்லும். பிரேக் இல்லாத டிரெயிலர் என்றால் அதே ஹைலக்ஸுக்கு 750, ஜிம்னிக்கு 350. நம் ஊரில் கட்டும் சின்ன டிரெயிலர்களில் பிரேக் இல்லாதவையே அதிகம் என்பதால், நீங்கள் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது எண்ணைத்தான்.

உயரக் கணக்கும் இருக்கிறது. ஐரோப்பியக் கையேடுகளில் இழுவை எடை பெரும்பாலும் 12 சதவீதச் சரிவுக்கும், 1000 மீற்றர் உயரம் வரைக்கும்தான். அதற்கு மேல் ஒவ்வொரு 1000 மீற்றருக்கும் பத்து சதவீதம் குறைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஹப்புத்தளை, பண்டாரவளை, தலவாக்கலை எல்லாம் 1000 மீற்றருக்கு மேலே. தோட்டத்துக்குள் போகும் வீதிகளில் 12 சதவீதத்தைத் தாண்டிய சரிவுகள் சர்வசாதாரணம். நுவரெலியா உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய டீசல் வேனுக்கு அந்த அளவு மூச்சு குறையும். கொழும்பில் ஓட்டிப் பார்த்து, "நல்ல இழுவை" என்று வாங்கிய வண்டி நானுஓயாவில் வேறு வண்டியாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

டிரெயிலரின் எடை என்று விற்பவர் சொல்வது வெறும் எடை. தண்ணீர்த் தாங்கியில் 60 லீற்றர் ஊற்றினால் 60 கிலோ. 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர், உருளையையும் சேர்த்தால் ஏறக்குறைய 25 கிலோ. பெற்றரி, அரிசி, பருப்பு, பாய், நாற்காலி, பிள்ளைகளின் சைக்கிள் என்று சேரச் சேர 450 கிலோ டிரெயிலர் 650 ஆகிவிடும். ஒருமுறை எல்லாவற்றையும் ஏற்றி, லொறி நிறுக்கும் தராசில் நிறுத்துப் பாருங்கள்.

என் கணக்கு இதைவிடக் கண்டிப்பானது. மலைநாட்டில் நிறைந்த டிரெயிலர், இழுக்கும் வண்டியின் வெறும் எடையில் பாதியைத் தாண்டக் கூடாது. கையேடு அதைவிடக் குறைவாகச் சொன்னால் கையேடு சொல்வதே முடிவு. கூடுதலாகச் சொன்னாலும் நான் பாதிக்கு மேல் போக மாட்டேன்.

டிரெயிலரில் பிரேக் இருக்கிறது என்று கவலையை விடுவது

சின்ன டிரெயிலர்களில் வரும் ஓவர்ரன் பிரேக், முன்னால் போகும் வண்டி வேகம் குறைக்கும்போது டிரெயிலர் வந்து தள்ளுவதை வைத்தே வேலை செய்கிறது. சமதரையில் அருமையான ஏற்பாடு. நீண்ட இறக்கத்தில் டிரெயிலர் தள்ளிக்கொண்டேதான் வரும், ஆகவே அதன் பிரேக்கும் விடாமல் பிடித்துக்கொண்டே வரும். நீங்கள் பெடலைத் தொடவே இல்லை, என்ஜின் பிரேக்கில்தான் இறங்குகிறீர்கள், ஆனாலும் பின்னால் டிரம் வெந்துகொண்டிருக்கும். பெரகலவிலிருந்து ஹல்துமுல்ல பக்கம் இறங்குபவர்கள் நடுவழியில் பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்தி, டிரெயிலர் சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொடவே வேண்டாம், ஒரு சாண் தூரத்திலேயே அனல் அடித்தால் அரை மணித்தியாலம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது, டிரம்மில் விரிசல் விழலாம். வண்டிக்குள்ளிருந்து அளவாகக் கட்டுப்படுத்தும் மின்பிரேக் போட முடிந்தால், இங்கே அதுதான் நல்லது.

இழுக்கும் வண்டியின் பிரேக் ஒயிலையும் பாருங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறியபின் அது 140 வரை இறங்கிவிடலாம். டொட் 4 என்றால் 230 உம் 155 உம். வருஷத்தில் பாதி நாள் மூடுபனியிலும் மழையிலும் நிற்கும் வண்டிக்கு இது சாதாரண விஷயமில்லை. ஒயில் கொதித்து ஆவியானால் பெடல் திடீரென்று பஞ்சாகிக் கீழே போகும். பாவித்த வண்டி வாங்கினால் விலை பேசும்போதே பிரேக் ஒயில் மூடியைத் திறந்து பாருங்கள். கறுத்துப்போயிருந்தால் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று விற்பவருக்கே தெரியாது என்று அர்த்தம்.

எந்தச் சக்கரம் இழுக்கிறது என்று பார்க்காமல் விடுவது

டிரெயிலரின் மூக்குப் பக்கம் வண்டியின் பின்முனையில் அழுத்த வேண்டும், அதன் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. மூக்கில் பாரம் போதாவிட்டால் டிரெயிலர் வால் ஆட்டும். அழுத்தினால் அது வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கும். பின்னச்சுக்கு ஒரு மீற்றர் பின்னால் 60 கிலோ அழுத்தினால், இரண்டரை மீற்றர் சக்கர இடைவெளி உள்ள காரில் முன்சக்கரங்களிலிருந்து 24 கிலோ போய்விடும். ஏற்றத்தில் பாரம் தானாகவே பின்னுக்குச் சாயும், பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் பை. முன்சக்கரம் இழுக்கும் காரில் இத்தனையும் சேர்ந்து, மழையில் நனைந்த முடக்கு ஒன்றில் நின்று புறப்படும்போது முன்டயர் சுற்றும், கார் நகராது. தார் மேல் பாசி பிடித்த தோட்ட வீதி என்றால் கேட்கவே வேண்டாம். பின்சக்கரம் இழுக்கும் வேனுக்கோ கெப்புக்கோ இதே பாரம் பிடிப்பாக உதவும். ஃபோர் வீல், அதிலும் லோ கியர் உள்ளது என்றால் இன்னும் நிம்மதி. சேற்றுக்காக மட்டும் அதைச் சொல்லவில்லை. குறுகிய வீதியில் எதிரே கொழுந்து லொறி வந்து, டிரெயிலரோடு முப்பது மீற்றர் பின்னால் போக வேண்டி வந்தால், கிளட்ச்சைக் கருக்காமல் அங்குலம் அங்குலமாகப் போக லோ கியர்தான் துணை.

ஜிம்னி போன்ற குட்டி ஜீப்பை நம் ஆட்களுக்கு மிகவும் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். எந்த முடக்கிலும் திரும்பும், தோட்டத்துக்குள் எங்கேயும் போகும். ஆனால் நீளம் குறைந்த, எடை குறைந்த வண்டியை டிரெயிலர் எளிதாகத் தன் பக்கம் தள்ளிவிடும். இறங்கும் வளைவில் பிரேக் பிடித்தபடி திரும்பும்போது அது தெரியும். 350 கிலோவுக்குள் அடங்கும் டிரெயிலர் என்றால் ஜிம்னி போதும். அதைத் தாண்டினால் நீளமான, பாரமான வண்டிக்குப் போங்கள்.

டிரெயிலரைக் கொழுவ வண்டியின் பின்னால் பொருத்தும் டோ பாரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் விவாதத்துக்கு இடமில்லை. பம்பரில் வெல்டிங் பிடித்த ஹுக்கில் டிரெயிலர் கொழுவாதீர்கள். சேசிஸ் உள்ள வண்டியில் சேசிஸிலேயே, உறுதிகூடிய போல்ட் போட்டுப் பொருத்த வேண்டும். சேசிஸ் இல்லாத காரில் அந்த மொடலுக்கென்றே செய்த டோ பார் வேண்டும். டிரெயிலரின் பிடி வந்து உட்காரும் டோ பார் உருண்டையின் அளவையும் பாருங்கள். 50 மில்லிமீற்றர் ஒரு வகை, 2 அங்குலம் என்பது 50.8. கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் 2 அங்குலப் பிடியை 50 மில்லிமீற்றர் உருண்டையில் மாட்டினால் தளர்ந்து ஆடும். பாதுகாப்புச் சங்கிலி இல்லாமல் கேற்றைத் தாண்டவே வேண்டாம். டிரெயிலருக்கும் பதிவு வேண்டும். உங்கள் சாரதி அனுமதிப்பத்திரம் அந்த எடைக்குச் செல்லுமா என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும், காப்புறுதி டிரெயிலரோடு ஓடும்போதும் செல்லுமா என்று கம்பனியிலும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அப்படியானால் எதை வாங்குவது

2020 மார்ச்சில் நின்றுபோன தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அதனால் சந்தையில் கைக்கு எட்டும் விலையில் இருப்பவை பெரும்பாலும் வயதான வண்டிகள். 500 இலிருந்து 700 கிலோ வரையான டிரெயிலருக்கு, என் தெரிவு டர்போ டீசல், மெனுவல் கியர், ஃபோர் வீல் உள்ள டபுள் கெப். ஹைலக்ஸோ எல்200 ஓ டீமக்ஸோ, பெயரைவிட நிலைமை முக்கியம். குடும்பம் பெரிது என்றால் பின்சக்கர இழுவை உள்ள டீசல் வேன் பரவாயில்லை, ஆனால் பின்பக்கம் நீண்ட வேனில் வால் ஆட்டம் கூடும் என்பதால் மெதுவாக ஓட்ட மனம் இருக்க வேண்டும். பழைய டிஃபென்டர் பலசாலிதான், அதைப் பராமரிக்கத் தெரிந்த கராஜ் பக்கத்தில் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

காசு கொடுக்கும் முன், வாங்கப்போகும் வண்டியில் நான்கு ஆட்களையும் சில மணல் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு றம்பொடை இறக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். விபத்துக்குப் பேர்போன நானுஓயா–ரதெல்ல குறுக்குப் பாதையை இதற்குத் தெரிவு செய்யாதீர்கள், டிரெயிலரோடு பிறகும் அதில் போகாதீர்கள். இரண்டாம் கியரில் விட்டு, காலைப் பிரேக்கிலிருந்து எடுங்கள். வேகம் ஓரிடத்தில் நிலைத்து நிற்கிறதா, ஏறிக்கொண்டே போகிறதா என்று கவனியுங்கள். கீழே வந்ததும் நிறுத்தி, பெடலை அழுத்திப் பிடித்து முப்பது வரை எண்ணுங்கள். பெடல் இறங்கக் கூடாது, கருகல் வாடை வரக் கூடாது. அதே வழியில் திரும்ப ஏறும்போது நடு ஏற்றத்தில் நிறுத்திப் புறப்பட்டு, வெப்பமானியின் முள்ளைப் பாருங்கள். இந்தச் சோதனைக்கு வண்டியைத் தர விற்பவர் சம்மதிக்காவிட்டால், அடுத்த வண்டியைப் பார்க்கப் போகலாம்.