சங்கிலியைக் குறுக்காக மாட்டுங்கள்

காரின் பின்னால் டிரெய்லரை இணைக்கும்போது, இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளையும் டிரெய்லரின் முன்னால் நீண்டிருக்கும் இழுவைத் தண்டுக்கு அடியில் பெருக்கல் குறிபோல மாட்டுங்கள்: இடப்பக்கச் சங்கிலி காரின் வலக் கொக்கியில், வலப்பக்கச் சங்கிலி இடக் கொக்கியில். காரின் பின்புறமுள்ள இணைப்புக் குமிழிலிருந்து தண்டு கழன்றுவிட்டால், அதன் முனை தார்ச்சாலையில் குத்தாமல் அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும். வண்டியை மெல்ல ஓரமாக நிறுத்த அவகாசம் கிடைக்கும். சங்கிலி தரையில் உரசினால் நீளம் அதிகம், திருப்பத்தில் விறைத்தால் போதவில்லை. சிங்கப்பூரில் சாங்கிப் பக்கம் படகு இழுத்துச் செல்பவர்களே, உப்புநீரில் துருவேறிய கொக்கியை உடனே மாற்றிவிடுங்கள். அதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். துவாஸ் துறைமுகத்துக்குக் கொள்கலன் ஏற்றிச் செல்லும் பெரிய டிரெய்லர்களுக்கு இது பொருந்தாது. அவற்றின் இணைப்பு முறையே வேறு.