ஆர்சி கார் ஓடவில்லையா? பேட்டரியிலிருந்து தொடங்குங்கள்

நேற்றுவரை சீறிக்கொண்டு ஓடிய ஆர்சி (ரிமோட்டில் ஓடும்) கார் இன்று அசையவே இல்லை என்றால், "மோட்டார் போச்சு" என்றுதான் மனசு முதலில் சொல்லும். மோட்டாரும், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி என்ற மின்னணுப் பாகமும் விலை கூடிய பாகங்கள் என்பதால் பயமும் அங்கேதான் போகிறது. ஆனால் என் மேசைக்கு வந்த கார்களில் பெரும்பாலானவற்றுக்கு நோய் பேட்டரியில் இருந்தது, அல்லது பேட்டரிக்கும் இஎஸ்சிக்கும் நடுவில் இருந்தது. அதனால் எதையும் வாங்கும் முன் மின்சாரம் போகிற வழியிலேயே வரிசையாகப் போய்ப் பாருங்கள்: பேட்டரி, கனெக்டர், இஎஸ்சி, ரிசீவர் (ரிமோட்டின் சிக்னலை வாங்குவது), கடைசியாக சர்வோவும் (முன்சக்கரத்தைத் திருப்புவது) மோட்டாரும்.

இதற்கு ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். சக்கரங்கள் எதிலும் படாதபடி காரை ஒரு பெட்டிமேல் தூக்கி வையுங்கள். சோதிக்கும்போது திடீரென்று மோட்டார் சுற்றினால் விரலும் தப்பும், காரும் தப்பும்.

படி 1: ரிமோட்

பேட்டரிக்குப் போகும் முன் ரிமோட்டைச் சரிபாருங்கள். ரிமோட்டை முதலில் ஆன் செய்யுங்கள், பிறகு கார். அணைக்கும்போது கார் முதலில், ரிமோட் கடைசியில். ரிமோட்டில் பழைய செல்லையும் புது செல்லையும் கலந்து போடாதீர்கள். த்ராட்டில் ட்ரிம் (வேக விசையின் நடுநிலையைச் சரிசெய்யும் குமிழ்) நடுவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது நகர்ந்திருந்தால், கார் கிளம்பத் தயாராகாமலே நிற்கும்.

படி 2: பேட்டரியை அளப்பது

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். 2 செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி முழுச் சார்ஜில் 8.4 வோல்ட் காட்டும், அதாவது செல்லுக்கு 4.2. மொத்தத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். மீட்டர் 7.6 காட்டும்போது உள்ளே ஒரு செல் 4.1 ஆகவும் இன்னொன்று 3.5 ஆகவும் இருக்கலாம். மொத்தம் நன்றாகத் தெரியும். பலவீனமான செல்தான் ஓடும்போது காரை நிறுத்தும்.

ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனியாகப் போகும் மெல்லிய பேலன்ஸ் ஒயர் இருப்பதே இதற்காகத்தான். 2 செல் பேட்டரியில் அதில் 3 கம்பிகள் வரும். கருப்புக்கும் நடுக்கம்பிக்கும் இடையே அளந்தால் முதல் செல், நடுவுக்கும் மறுகோடிக்கும் இடையே அளந்தால் இரண்டாவது செல். மீட்டரின் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செல்களைச் சமப்படுத்தும் பேலன்ஸ் சார்ஜ் முடிந்த பிறகும் இரண்டு செல்களுக்கும் 0.1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த பேட்டரிமேல் ஒரு கண் இருக்கட்டும்.

ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போய், சார்ஜர் அதை ஏற்க மறுத்தால், நிக்கல் பேட்டரிக்கான மோடில் போட்டு ஏமாற்றிச் சார்ஜ் செய்யும் வித்தை ஒன்றை யாராவது சொல்லித் தருவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். லிப்போ தீப்பிடிப்பதற்கு அது நேர்வழி. உப்பிய பேட்டரிக்கும் இதேதான்: சார்ஜ் வேண்டாம், குத்திப் பார்க்கவும் வேண்டாம். எரியாத பாத்திரத்தில் வைத்து, பேட்டரி மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடுங்கள்.

படி 3: கனெக்டர்

கோளாறு அதிகம் ஒளிந்திருக்கும் இடம் இதுதான். பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் கொண்டுவந்த கார் மெதுவாக ஓட்டினால் நன்றாக ஓடும். த்ராட்டிலைச் சட்டென்று அழுத்தினால் ஒரு குதி குதித்து நின்றுவிடும், முன்சக்கரம் தானாக வெட்டும், 2 விநாடியில் மறுபடி உயிர் வரும். ரிசீவரை இரண்டு முறை மாற்றிவிட்டார்கள். கனெக்டர்மேல் இருந்த உறையை நான் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தேன். ஈயம் பளபளப்பில்லாமல் சாம்பல் நிறத்தில் பொரிந்துபோய் இருந்தது. கம்பியைத் திருகினால் ஈயத்துக்குள்ளேயே சுற்றியது. மோட்டார் மின்சாரத்தை இழுக்கும் கணத்தில் அந்த இடத்தில் வோல்ட் விழுந்து, ரிசீவருக்குப் போதாமல் அது அணைந்து மறுபடி எழுந்திருக்கிறது. பழைய ஈயத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தோம், கார் ஓடியது.

மீட்டரிலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். ஒரு முனையை பேட்டரிப் பக்கத்துச் சிவப்புக் கம்பியின் ஈயத்திலும், மறுமுனையை இஎஸ்சிப் பக்கத்துச் சிவப்புக் கம்பியின் ஈயத்திலும் வைத்து, இன்னொருவரை த்ராட்டிலை அழுத்தச் சொல்லுங்கள். நல்ல இணைப்பில் ஏறக்குறைய பூஜ்யம்தான் வரும். 0.3 வோல்ட் வந்தால், ஓடும்போது 40 ஆம்பியர் போகிற இணைப்பில் அது குறைந்தது 12 வாட் வெப்பம். சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றின் பாதிச் சூடு அந்தப் பட்டாணி அளவு ஈயத்தில்! கருப்புக் கம்பியிலும் இதே சோதனை. மீட்டர் இல்லையென்றால் 2 நிமிடம் ஓட்டிவிட்டு கனெக்டரைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் அங்கேதான் கோளாறு.

படி 4: இஎஸ்சி

முதலில் அதன் பேட்டரி வகை அமைப்பைப் பாருங்கள். லிப்போ என்று வைத்துவிட்டு நிக்கல் பேட்டரி போட்டால் சீக்கிரமே நின்றுவிடும், பேட்டரி கெட்டதுபோலத் தோன்றும். தலைகீழாக வைப்பது அதைவிட மோசம், லிப்போ அடிமட்டம்வரை காலியாகிவிடும். அடுத்து ரிமோட்டோடு த்ராட்டில் எல்லைகளை (முழு வேகம், நடுநிலை, பிரேக் எங்கே என்பதை) இஎஸ்சியில் மறுபடி பதியுங்கள். பீப் சத்தங்களுக்கு அர்த்தம் அதன் கையேட்டில் இருக்கும்.

படி 5: ரிசீவரும் சர்வோவும்

ஸ்டியரிங் வேலை செய்யவில்லையா? சர்வோ ப்ளக்கையும் இஎஸ்சி ப்ளக்கையும் ரிசீவரில் இடம் மாற்றிச் செருகுங்கள். சக்கரம் தூக்கியே இருக்கட்டும், ஏனென்றால் இப்போது ஸ்டியரிங்கைத் திருப்பினால் மோட்டார் சுற்றும். த்ராட்டிலை அழுத்தும்போது சர்வோ அசைந்தால் சர்வோ நன்றாக இருக்கிறது, ரிசீவரின் ஸ்டியரிங் சேனலிலோ ரிமோட்டிலோதான் கோளாறு. அப்போதும் அசையவில்லை என்றால் சர்வோவைச் சந்தேகிக்கலாம்.

படி 6: மோட்டார்

ப்ரஷ்லெஸ் (உள்ளே கரித்துண்டு இல்லாத) மோட்டாரின் 3 கம்பிகளில் ஒன்று கழன்றால்கூட அது சுற்றாமல் உதறும். மூன்றையும் அழுத்திச் செருகுங்கள். சென்சார் கம்பி இல்லாத மோட்டார் எதிர்த்திசையில் சுற்றினால் ஏதாவது 2 கம்பிகளை இடம் மாற்றினால் போதும். சென்சார் உள்ள மோட்டாரில் அப்படி மாற்றக்கூடாது. தொட முடியாத அளவு சுட்டால், பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று இறுகி உட்கார்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஓட்டி முடித்ததும் இஎஸ்சி சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு விட்டுவிடாதீர்கள், பேட்டரியையும் கழற்றுங்கள். சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் இஎஸ்சி கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தை உறிஞ்சும், சில வாரங்களில் லிப்போவைச் சாகடித்துவிடும். சில நாட்கள் ஓட்டப் போவதில்லை என்றால் சார்ஜரின் ஸ்டோரேஜ் மோடில் போட்டு, செல்லுக்கு 3.8 வோல்ட் வந்ததும் எடுத்து வையுங்கள்.