ஊழியரின் தவறைப் பற்றிப் பேசுவதற்கு முன்னும் பின்னும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இயந்திர உதிரிபாகங்கள் விற்கும் ஒரு சிறு நிறுவனத்தின் கணக்குப் பிரிவை நான் பல ஆண்டுகள் கவனித்து வந்தேன். அங்கே ஒரு முறை, பில் போடும் இளைஞர், கிண்டியில் உள்ள வாடிக்கையாளருக்குப் பதிலாகக் கோவையில் உள்ள வேறொரு நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண்ணில் பில் போட்டுவிட்டார். தம் கணக்கில் வரி வரவு (வாங்கும்போது கொடுக்கும் வரியைத் தாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகை) வராததால், கிண்டிக்காரர் வரித் தொகையைப் பிடித்துக்கொண்டு மீதியை மட்டும் அனுப்பினார். நான் எல்லோர் முன்னிலையிலும் அந்த இளைஞரைக் கடிந்துகொண்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அதன்பின் எந்தத் தவறையும் அவராக வந்து என்னிடம் சொன்னதில்லை.

சில வாரம் கழித்து அவருடைய இருக்கையில் உட்கார்ந்து நானே ஒரு பில் போட்டபோதுதான், டாலி என்ற கணக்கு மென்பொருளின் பட்டியலில் அந்த இரண்டு நிறுவனங்களின் பெயரும் அடுத்தடுத்து, ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதைக் கண்டேன். ஆகவே, பேச உட்காரும் முன் தவறு நேர்ந்த இடத்தைக் கண்ணால் பாருங்கள் என்பதையே முதலில் சொல்வேன்.

நேரமும் முக்கியம். மாதந்தோறும் தாக்கல் செய்யும் நிறுவனங்களில் விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்கு அடுத்த மாதம் 11-ஆம் தேதி கடைசி நாள் என்பதால், 10-ஆம் தேதி மாலையில் இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம். தவறைத் திருத்திவிட்டு, மறுநாள் தனி அறையில் பேசுங்கள். சம்பள உயர்வு நேரம் வரை தள்ளிப்போட்டால், நடந்தது இருவருக்குமே மறந்திருக்கும்.

பில்லை மேசையில் வைத்து, "தம்பி, இதில் பார்ட்டி மாறியிருக்கு. எப்படி வந்ததுன்னு சேர்ந்து பார்ப்போமா?" என்று தொடங்கலாம். முதலில் நான்கு வார்த்தை புகழ்ந்துவிட்டு விஷயத்துக்கு வரும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. கேட்பவர் எப்போது 'ஆனால்' வரும் என்று காத்திருப்பாரே தவிர, புகழ்ச்சியை நம்பமாட்டார். "எப்பவும் இப்படித்தான்" என்ற சொல்லையும் தவிருங்கள். விளைவைத் தொகையாகச் சொல்லுங்கள்: 18 சதவீத வரி உள்ள ஒரு லட்ச ரூபாய் பில் என்றால், 18,000 ரூபாய் நிலுவையில் நிற்கிறது.

பிறகு, இனி என்ன செய்யலாம் என்று அவரையே கேளுங்கள். எங்கள் இளைஞர் சொன்ன யோசனை எனக்குத் தோன்றாத ஒன்று: 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணின் தொடக்கத்தில் வரும் 33 தமிழ்நாட்டு நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவானது, அதனால் அதையடுத்து வரும் பான் எண்ணை ஆர்டர் தாளோடு ஒப்பிட வேண்டும், பெயரோடு ஊரையும் சேர்த்து எழுத வேண்டும் என்றார். குழப்பத்தில் உங்கள் பங்கும் இருந்தால், அதை அந்த அறையிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். வழி சரிசெய்த பிறகும் கவனக்குறைவு தொடர்ந்தால் மட்டும் எழுத்துமூலம் தெரிவியுங்கள்.

அடுத்த பத்து பில்களை அவருடன் சேர்ந்து பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால், "பத்தும் சரியா இருக்கு தம்பி" என்று அன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள்.