பள்ளிக்கூடத்தில் தெரபி: இன்ச் டேப்போடு போய்க் கேட்ட கதை

என் பையனுக்கு மூளை முடக்குவாதம். இரண்டு காலிலும் இறுக்கம், இடது கையிலும் கொஞ்சம். இப்போது அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறான். திருப்பூர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. நான் வீட்டில் ஜாக்கெட் தைக்கிறேன். தையலை எதற்குச் சொல்கிறேன் என்றால், பின்னால் அந்த இன்ச் டேப் வரப்போகிறது.

ஒன்றாம் வகுப்பில் சேர்த்த மறுவாரமே ஹெச்.எம்.மிடம் போய், "பையனுக்குத் தெரபி வேணுங்க டீச்சர்" என்றேன். "அதெல்லாம் ஆஸ்பத்திரியில தானுங்கம்மா, இங்க பாடம்தான்" என்றார். கோபம் வந்தது. ஆனால் யோசித்தால், நான் கேட்ட விதத்துக்கு அவர் வேறென்ன சொல்லியிருப்பார்? கட்டில், பந்து, இழுத்துவிடும் பயிற்சி என்றுதான் அவர் மனதில் ஓடியிருக்கும். என் மனதிலும் அதுதான் இருந்தது. ஒரு வருடம் அப்படியே போய்விட்டது.

அந்த வருடம் வீணானதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பள்ளியின் எமிஸ் பதிவில், அதாவது மாணவர் விவரங்களை ஏற்றும் அரசின் கணினித் தளத்தில், என் பையன் பெயருக்கு எதிரே குறைபாடு எதுவும் இல்லை என்று இருந்தது. சேர்க்கும்போது அவசரத்தில் யாரோ அப்படிப் போட்டுவிட்டார்கள். சிறப்புக் குழந்தைகள் பட்டியலில் பெயர் இல்லாததால் வட்டார வள மையத்துக்கு இப்படி ஒரு பிள்ளை இருப்பதே தெரியாது. அதனால் இன்று யாராவது என்னைக் கேட்டால் முதலில் சொல்வது இதைத்தான்: வகுப்பாசிரியரிடம் போய், "எமிஸ்ல என்ன வகைன்னு போட்டிருக்குங்க?" என்று கேட்டு, திரையை நீங்களே பாருங்கள். தவறாக இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். மருத்துவச் சான்றும் யு.டி.ஐ.டி. அட்டையும் (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) இருந்தால் நகலைக் கொடுங்கள். இல்லையென்றால் உடனே விண்ணப்பியுங்கள். ஆனால் அட்டை வரட்டும் என்று மற்ற வேலைகளை நிறுத்தி வைக்க வேண்டாம்.

வட்டார வள மையத்தை எங்கள் பக்கம் பி.ஆர்.சி. என்பார்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் சிறப்புப் பயிற்றுநர்களும் பிசியோதெரபிஸ்டும் அங்கிருந்துதான் வேலை பார்க்கிறார்கள். மருத்துவ மதிப்பீட்டு முகாமும் அவர்கள் நடத்துவதுதான். காலிப்பர் (காலில் மாட்டும் தாங்கு கருவி), சக்கர நாற்காலி போன்றவற்றுக்கு அளவெடுப்பது பெரும்பாலும் அந்த முகாமில்தான். முகாமுக்குப் போகும் முன் போனில் மூன்று சின்ன வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: தரையிலிருந்து எழுந்திருப்பது, படி ஏறுவது, எழுதுவது. முகாம் அன்று நம் பிள்ளைகள் டாக்டரைப் பார்த்ததும் குஷியில் நன்றாக நடந்து காட்டிவிடும். என் பையன் கைதட்டல் வேறு வாங்கினான்! நல்ல சட்டையும் பவுடருமாகக் கூட்டிப் போனவள் நான். சாயங்காலம் நாலு மணிக்கு அவன் நடக்கிற நடை அங்கே யாருக்கும் தெரியவில்லை.

அப்புறம் கடிதம். இரண்டாம் வருடம் எழுதியதில் 'தெரபி' என்ற சொல்லே கிடையாது. அதற்கு முன் இரண்டு நாள் வகுப்பறை வாசலில் நின்று பார்த்தேன். சின்ன வகுப்புகளில் 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டத்தில் பாடம் நடப்பதால் பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்வார்கள். இவன் இரண்டு காலையும் பின்னால் மடித்துப் பக்கவாட்டில் போட்டு உட்கார்ந்திருந்தான். வீட்டில் பிசியோ வேண்டவே வேண்டாம் என்று சொல்லும் அதே உட்காரல், ஒரு நாளைக்கு நாலு மணி நேரம். நான் வீட்டில் அரை மணி நேரம் இழுத்துவிட்டு என்ன பிரயோஜனம்? கடிதத்தில் இப்படி எழுதினேன்:

"என் மகனால் கீழ்க்கண்டவை பள்ளியில் முடியவில்லை. 1. தரையில் நேராக உட்கார முடியவில்லை. தாழ்வான நாற்காலி தேவை. 2. கழிப்பறையில் பிடிமானம் இல்லாமல் உட்கார முடியவில்லை, கைப்பிடி தேவை. இப்போது அவன் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறான். 3. பத்து நிமிடத்துக்கு மேல் எழுதினால் கை இறுகிவிடுகிறது. எழுதும் அளவைக் குறைக்க வேண்டும். சிறப்புப் பயிற்றுநரும் பிசியோதெரபிஸ்டும் பள்ளிக்கே வந்து பார்த்து, வகுப்பாசிரியருக்குச் செய்முறை காட்ட வேண்டும். எந்தத் தேதியில் வருவார்கள் என்று எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் தேதியோடு கையெழுத்து வாங்கினேன். கையெழுத்துக் கேட்டபோது ஹெச்.எம். முகம் மாறியது. "ஃபைல்ல வைக்கத்தானுங்க" என்று சிரித்துக்கொண்டே நின்றேன். நகல் பி.ஆர்.சி.க்கும் போனது. சட்டம் தேவைப்பட்டால் ஒரே ஒரு வரி போதும்: மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 16. அதில் தெரபி என்று தேடாதீர்கள். அந்தந்தப் பிள்ளைக்குத் தேவையான ஆதரவு, நியாயமான வசதிகள் என்றுதான் இருக்கும். பிள்ளைகளுக்கும், அதிகத் தேவையுள்ள பிள்ளைகளோடு கூட வரும் துணையாளருக்கும் போக்குவரத்து வசதி அதே பிரிவில் வருகிறது. அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிக்கும் இது உண்டு. "ஷேடோ டீச்சர (வகுப்பில் பிள்ளைக்குக் கூடவே இருக்கும் தனி ஆசிரியர்) நீங்களே சம்பளம் குடுத்துக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லும் பள்ளிகளுக்குக் கடிதத்தில் இந்த வரியைக் கட்டாயம் போடுங்கள்.

ஒரு மாதம் கழித்து சிறப்புப் பயிற்றுநரும் பிசியோ மேடமும் ஒன்றாக வந்தார்கள். இந்த நாளைத் தவற விடாதீர்கள், வேலைக்கு லீவு போட்டாவது போய் நில்லுங்கள். தனிநபர் கல்வித் திட்டம் என்று ஒரு தாள் எழுதுவார்கள். அதில் 'தசைப் பயிற்சி அளித்தல்' என்று பொதுவாக எழுதினால் விடாதீர்கள். யார், எப்போது, எங்கே, எத்தனை நிமிடம் என்று நான் கேட்டுக் கேட்டு எழுத வைத்தேன். காலை வழிபாட்டில் எல்லோரும் நிற்கும்போது இவன் சுவரில் முதுகு சாய்த்து, குதிகால் தரையில் பட நிற்பது. மத்தியானம் சாப்பாட்டுக்கு முன் ஐந்து நிமிடம் கால் நீட்டி உட்கார்வது. விளையாட்டுப் பாட வேளையில் பந்தை இரண்டு கையாலும் பிடிப்பது. அவ்வளவுதான். வகுப்பு டீச்சருக்குப் பயம், "நான் தொட்டு ஏதாவது ஆயிட்டா?" என்றார். பிசியோ மேடம் டீச்சரின் கையைப் பிடித்தே பையனின் முட்டியில் வைத்து, எவ்வளவு அழுத்தலாம் என்று காட்டினார். அதற்குப் பிறகு டீச்சர் என்னிடம் எதற்கும் தயங்கியதில்லை.

கழிப்பறைக் கைப்பிடிதான் இழுத்தது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக வைத்த பிறகே நடந்தது. அதுவரை, "கூடப் படிக்கிற பசங்க கூட்டிட்டுப் போவாங்க" என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நோட்டு எடுத்துக் கொடுக்க நண்பன் போதும், கழிப்பறைக்குப் பெரியவர் ஒருவர்தான் வேண்டும்.

இந்த வருடம் நான்காம் வகுப்பு, பெஞ்சு. முதல் நாளே டேப் எடுத்துப் போனேன். உட்கார வைத்து அளந்தால் பாதத்துக்கும் தரைக்கும் நடுவே நாலரை இன்ச். கால் தொங்கினால் இறுக்கம் கூடும், இடுப்பு முன்னால் வழுக்கும், கையெழுத்தும் கோணும். பிசியோ மேடத்துக்குப் போன் போட்டேன். "இடுப்பு, முட்டி, கணுக்கால் மூணும் எல் மாதிரி மடங்கணும் அக்கா, அது வர்ற உயரத்துக்கு ஏதாவது வைங்க" என்றார். பழைய நோட்டுகளை நாலரை இன்ச்சுக்கு அடுக்கி, பிரவுன் டேப் சுற்றி, மேலே ரெக்சின் வைத்துத் தைத்தேன். இருபது ரூபாய்கூட ஆகவில்லை. அன்று எழுதிய பக்கத்தையும் முந்தின நாள் பக்கத்தையும் பக்கத்தில் வைத்து போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் பேச அது போதும்.

பணம் பற்றிச் சுருக்கமாக. பயணப்படி, துணையாளர் படி உண்டா என்று பி.ஆர்.சி.யில் கேளுங்கள், பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இருந்தால் தேசிய அறக்கட்டளையின் 'நிரமயா' காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு, தெரபி செலவும் அதில் வரும். வெளியில் தெரபிக்குப் போனால் பில்லைத் தூக்கி எறியாதீர்கள்.

கடிதம் கொடுத்து முப்பது நாள் ஆகியும் பதில் இல்லையென்றால் வட்டாரக் கல்வி அலுவலரைப் பாருங்கள். அங்கேயும் நகரவில்லையா, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டம், அல்லது முதல்வரின் உதவி மைய எண் 1100க்கு ஒரு போன். கடைசியாகச் சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். எங்கே போனாலும் கையெழுத்து வாங்கிய அந்தப் பிரதிதான் முதலில் கேட்பார்கள். நான் கலெக்டர் ஆபீஸ் வரை ஒரே ஒரு முறை போனேன். மனு எண் கிடைத்த மூன்றாம் நாள் பள்ளியிலிருந்தே போன் வந்தது.

ஜூனில் அவன் ஐந்தாம் வகுப்பு. வேறு அறை, வேறு பெஞ்சு, பையனும் வளர்ந்திருப்பான். டேப்பை இப்போதே பையில் போட்டு வைத்திருக்கிறேன்.