விலங்குப் பெயரின் பின்னால் வரும் ஆசிரியர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லால்பாக்கில் பறவை பார்க்க வரும் நம் தமிழ் நண்பர்கள் போடும் பட்டியல்கள் திருத்தத்துக்கு என்னிடம் வருகின்றன. எழுத்துப்பிழையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அறிவியல் பெயரை அடுத்து வரும் ஆசிரியர் பெயரில்தான், அதாவது அந்தப் பெயரை வெளியிட்டவரின் பெயரில்தான், எங்கள் செட்டு அன்று விழுந்த குழியிலேயே புதியவர்களும் விழுகிறார்கள். ஆசிரியரைக் குறிப்பிடுவது விதிப்படி கட்டாயமே இல்லை. ஆனால் போட்டால் ஒழுங்காகப் போட வேண்டும்.

அடைப்புக்குறியில் கைவைப்பது

இதை எழுதும்போதே எரிச்சல் வருகிறது. 1766-இல் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் மைனாவுக்கு வைத்த பெயர் பாரடைசியா டிரிஸ்டிஸ். சொர்க்கப் பறவைகளோடு சேர்த்துவிட்டார் மனிதர்! பிற்பாடு அது வேறு பேரினத்துக்கு, அதாவது பெயரின் முதல் சொல் குறிக்கும் கூட்டத்துக்கு, போனது. எனவே இன்று 'அக்ரிடோதெரஸ் டிரிஸ்டிஸ் (லின்னேயஸ், 1766)' என்று எழுதுகிறோம். மயிலோ 1758-இல் வைத்த பேரினத்திலேயே இருக்கிறது: 'பாவோ கிரிஸ்டேட்டஸ் லின்னேயஸ், 1758'. பேரினம் மாறியிருக்கிறது, பழைய நூலில் வேறு பெயரில் தேடு என்று நமக்குச் சொல்வது அந்த அடைப்புக்குறிதான்.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும் சார்" என்று ஓர் இளைஞர் கணினியில் ஒரே தட்டில் அத்தனை அடைப்புக்குறிகளையும் நீக்கிவிட்டார். பட்டியல் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. எதற்கு இருந்தது, எதற்கு இல்லை என்று யாருக்கு நினைவிருக்கும்? ஒவ்வொரு பறவைக்கும் மூலப் பெயரைத் தேடி மறுபடி போட்டோம். அடுத்து வந்தவர், வம்பே வேண்டாம் என்று எல்லாவற்றுக்கும் போட்டார், 'கார்வஸ் ஸ்ப்ளெண்டென்ஸ் வியெய்யோ, 1817' என்ற நம் வீட்டுக் காக்கை உட்பட. முன்னதைவிட இது மோசம். இல்லாத இடமாற்றத்தை நம்பி ஒருவர் தேடிக்கொண்டே இருப்பார்.

துணைச்சிற்றினம் சிற்றினமாக உயர்ந்தாலும், பேரினம் மாறாதவரை அடைப்புக்குறி கிடையாது.

தாவரப் பழக்கத்தைக் கொண்டுவருவது

புங்க மரத்துக்குப் 'பொங்கேமியா பின்னேட்டா (லி.) பியர்' என்று எழுதுவார்கள், லின்னேயஸ் ஓரெழுத்தாகச் சுருங்கி, பேரினம் மாற்றியவரும் வெளியே நிற்பார். விலங்கியலில் மாற்றியவருக்கு அந்த இடம் இல்லை. லின்னேயஸையும் முழுதாக எழுதுங்கள்.

கண்டுபிடித்தவரை ஆசிரியராக்குவது

பெயரையும் விவரிப்பையும் வெளியிட்டவரே ஆசிரியர். ஜெர்டன் கோர்சர் என்ற பறவையைக் கண்டெடுத்தவர் ஜெர்டன். ஆசிரியர் பிளைத், 1848.

வெறும் 'கிரே'

ஜான் எட்வர்ட் கிரேயா, ஜார்ஜ் ராபர்ட் கிரேயா? அண்ணன் தம்பி இருவரும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்தவர்கள், இருவரும் பெயர் வைத்துத் தள்ளியவர்கள். தலைப்பெழுத்தைச் சேருங்கள்.

1758-க்கு முந்தைய ஆண்டு

பறவைப் பெயர்களுக்கு 1758-தான் தொடக்கம். அதற்கு முந்தையது செல்லாது.

சாய்வெழுத்து

பறவையின் அறிவியல் பெயருக்கு மட்டும், ஆசிரியருக்கு வேண்டாம்.