ஃபெட்ச் ஒண்ணுதான், ஓடுற இடம் வேற: ரிக்வெஸ்ட் அனுப்புறப்போ சறுக்குற இடங்கள்

ஜாவாஸ்க்ரிப்ட்ல சர்வருக்கு ரிக்வெஸ்ட் அனுப்பி பதில் வாங்கற ஃபங்ஷன்தான் ஃபெட்ச். ப்ரவுசர்ல 2015லயே வந்துட்ட அது, சர்வர் பக்கம் எதுவும் தனியா இன்ஸ்டால் பண்ணாம கிடைக்க 2022 ஆச்சு, நோட் (ப்ரவுசருக்கு வெளிய ஜாவாஸ்க்ரிப்ட்டை ஓட்டற நோட்.ஜேஎஸ்) 18 வந்தப்புறம்தான். அதுக்கு முன்னாடி சர்வர்னா ரிக்வெஸ்ட்னு ஒரு பேக்கேஜ், இல்லன்னா ஆக்ஸியோஸ், இல்லன்னா நோட்-ஃபெட்ச். இப்ப ரெண்டு பக்கமும் ஒரே பேரு, ஒரே சின்டாக்ஸ், அதனால ஒரே மாதிரிதான் நடந்துக்கும்னு நம்பி ப்ரவுசர் கோடை அப்படியே தூக்கி சர்வர்ல போட்டுடறாங்க, பாதி பிரச்சினை அங்கதான் ஆரம்பிக்குது. (அந்த ரிக்வெஸ்ட் பேக்கேஜை 2020லயே நிறுத்தியாச்சு. பழைய டுடோரியலை பாத்து இன்னும் அதை போடறவங்க இருக்காங்க, வேணாம்.)

முதல்ல ரெண்டு பக்கத்துக்கும் பொதுவான தப்பு. ட்ரை-கேட்ச் போட்டாச்சு, எரர் வந்தா கேட்ச்ல மாட்டிக்கும்னு நினைக்கறது. மாட்டாது. 404 (கேட்டது இல்ல) வந்தாலும் 500 (சர்வர் உள்ள கோளாறு) வந்தாலும் ஃபெட்சுக்கு அது எரரே இல்ல, சர்வர் பதில் சொல்லிடுச்சுல்ல, அது போதும் அதுக்கு. நெட் கட்டானா, டிஎன்எஸ்ல (சைட் பேரை ஐபி அட்ரஸா மாத்தற சேவை) அட்ரஸ் கிடைக்கலன்னா, கார்ஸ்ல (வேற சைட் பதிலை படிக்கறதுக்கான ப்ரவுசர் விதி, கீழ வருது) அடிபட்டா, இந்த மாதிரி கேஸ்லதான் ஃபெட்ச் குடுக்கற ப்ராமிஸ் ரிஜெக்ட் ஆகி கேட்சுக்கு போகும். அதனால ரெஸ்பான்ஸ்ல இருக்கற ஓகே ப்ராப்பர்ட்டிய பாத்தே ஆகணும், ஸ்டேட்டஸ் 200லேந்து 299க்குள்ள இருந்தாதான் அது ட்ரூ. ஆக்ஸியோஸ்ல இந்த ரேஞ்சுக்கு வெளிய போனா தானாவே எரர் எறியும், அதை பழகிட்டு ஃபெட்சுக்கு மாறுறவங்க இந்த ஒரு செக்கை விட்டுட்டு அப்புறம் “அன்எக்ஸ்பெக்டட் டோக்கன் <”னு ஒரு எரரை வச்சுட்டு மண்டைய பிச்சுக்குவாங்க. அந்த < எங்கேருந்து வந்துச்சுன்னா, சர்வர் அனுப்பின 502 எரர் பக்கத்தோட ஹெச்டிஎம்எல்லோட முதல் எழுத்து அது. நீங்க அதை ஜேசன்னு (டேட்டா அனுப்பற ஒரு டெக்ஸ்ட் வடிவம்) நினைச்சு பார்ஸ் பண்ண போயிருக்கீங்க, அவ்ளோதான்.

சரி, அப்போ டீபக் பண்ணலாம்னு முதல்ல டெக்ஸ்ட்டா படிச்சு கன்சோல்ல போட்டுட்டு அடுத்த வரில ஜேசன் கூப்பிட்டா அதுவும் வெடிக்கும். பாடி ஒரு ஸ்ட்ரீம், ஒரு தடவைதான் படிக்க முடியும். டெக்ஸ்ட்டா ஒரு வேரியபிள்ல எடுத்து வச்சுட்டு நீங்களே ஜேசன் பார்ஸ் பண்ணிக்கோங்க, ரெஸ்பான்ஸை க்ளோன் (நகல்) எடுக்கறதெல்லாம் தேவையே இல்ல. 204 வந்தா பாடியே கிடையாது, அங்கயும் ஜேசன் கூப்பிடாதீங்க.

இப்ப கார்ஸ். இதுல இருக்கற குழப்பம் வேற எதுலயும் இல்ல. போஸ்ட்மேன்ல (ரிக்வெஸ்ட் அனுப்பி பாக்கற ஆப்) வேலை செய்யுது, கர்ல்ல (அதே வேலைக்கான கமாண்ட்) வேலை செய்யுது, நோட்ல வேலை செய்யுது, ப்ரவுசர்ல மட்டும் வரமாட்டேங்குதுன்னு கேக்காத ஆளே இல்ல. ஏன்னா தடை போடுறது ப்ரவுசர்தான், யூசர் லாகின் பண்ணி வச்சிருக்கற சைட்லேந்து இன்னொரு சைட் டேட்டாவ உருவிடக்கூடாதுன்னு; கார்ஸ்ங்கறது அந்த தடைய தளர்த்த சர்வர் ஹெடர் மூலமா குடுக்கற அனுமதி. போஸ்ட்மேனுக்கு அந்த கவலை கிடையாது. உடனே யாராவது “மோட்ல நோ-கார்ஸ் போடு, சரியாயிடும்”னு சொல்லுவாங்க, எரர் போயிடும்தான், ஆனா கூடவே டேட்டாவும் போயிடும், ஸ்டேட்டஸ் 0, பாடி காலி, ஸ்க்ரிப்ட் எதையும் படிக்கவே முடியாத ஒரு ரெஸ்பான்ஸ்தான் கையில இருக்கும். சரி பண்ண வேண்டிய இடம் சர்வர்தான், அது உங்க கையில இல்லன்னா உங்க சொந்த சர்வர் வழியா கூப்பிடுங்க.

ரெண்டு விஷயம் இதுல நிறைய பேருக்கு தெரியறதில்ல. ஒண்ணு, கன்சோல்ல கார்ஸ் எரர்னு சிவப்பா காட்டினா அது உண்மையிலேயே கார்ஸ் பிரச்சினையாதான் இருக்கணும்னு இல்ல. சர்வர் உள்ள ஏதோ வெடிச்சு 500 வந்து, அந்த எரர் பதில்ல மட்டும் கார்ஸ் ஹெடர் சேராம போயிருந்தா ப்ரவுசருக்கு ஹெடர் இல்லங்கறதுதான் தெரியும். அதனால ஹெடரை நோண்டறதுக்கு முன்னாடி சர்வர் லாகை ஒரு தடவை பாருங்க. இன்னொண்ணு, கார்ஸ் எரர் வந்துச்சுன்னா ரிக்வெஸ்ட் போகவே இல்லன்னு அர்த்தம் கிடையாது. ஜேசன் கன்டென்ட்-டைப்போட போஸ்ட் பண்ணா முதல்ல ஆப்ஷன்ஸ்னு ஒரு முன்னோட்ட ரிக்வெஸ்ட் போகும், அது தோத்தா அசல் போகாது. ஆனா சாதா ஃபார்ம் மாதிரி போற போஸ்ட்டுக்கு அந்த முன்னோட்டமே கிடையாது, நேரா சர்வருக்கு போய் டேட்டாபேஸ்ல எழுதிட்டு வந்துடும், பதிலை மட்டும்தான் ப்ரவுசர் மறைக்கும். எரர் வருதேன்னு பட்டனை நாலு தடவை அமுக்கினா நாலு ஆர்டர்.

நோட் பக்கம் வந்தா கதை மாறுது. அங்க பக்கம்னு ஒண்ணு இல்ல, அதனால ஸ்லாஷ்ல ஆரம்பிக்கற அரைகுறை யூஆர்எல் குடுத்தா பார்ஸ் பண்ண முடியலன்னு நின்னுடும், முழு அட்ரஸ் வேணும். நெக்ஸ்ட் மாதிரி ஒரே கோடு ரெண்டு பக்கமும் ஓடுற ஃப்ரேம்வொர்க்ல இது அடிக்கடி வரும். குக்கீ எதையும் ஞாபகம் வச்சுக்காது, லாகின் பண்ணி வந்த குக்கீய நீங்களே எடுத்து அடுத்த ரிக்வெஸ்ட் ஹெடர்ல வைக்கணும். எரர் வந்தா “ஃபெட்ச் ஃபெயில்ட்”னு ரெண்டே வார்த்தை சொல்லிட்டு உக்காந்துக்கும், நிறைய பேரு அந்த மெசேஜை மட்டும் லாக் பண்ணிட்டு திணறுவாங்க. உண்மையான காரணம் அந்த எரரோட காஸ் ப்ராப்பர்ட்டிக்குள்ள இருக்கு, கனெக்ஷன் மறுத்தாங்களா, சர்டிஃபிகேட் காலாவதியான்னு அங்கதான் தெரியும். அதை லாக் பண்ணுங்க. சர்டிஃபிகேட் பிரச்சினைன்னு தெரிஞ்சதும் டிஎல்எஸ் (ஹெச்டிடிபிஎஸ்ஸோட பாதுகாப்பு) செக்கையே என்விரான்மென்ட் வேரியபிள்ல அணைச்சுடற ஆளுங்களும் உண்டு, ப்ரொடக்ஷன்ல அதை பண்ணா நடுவுல யாரு உக்காந்து படிச்சாலும் உங்களுக்கு தெரியாது.

லோக்கல்ஹோஸ்ட் கதையும் சொல்லிடறேன். நோட் 17லேந்து டிஎன்எஸ் குடுக்கற வரிசையிலயே அட்ரஸை எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க, அதனால லோக்கல்ஹோஸ்ட்னா ஐபிவி6 அட்ரஸ் முதல்ல வரலாம், உங்க சர்வர் 127.0.0.1ல மட்டும் காது குடுத்துட்டு இருந்தா கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட். நோட் 20ல ரெண்டையும் முயற்சி பண்ணுது, பழைய வெர்ஷன்ல மாட்டினா 127.0.0.1னே எழுதிடுங்க.

டைம்அவுட் விஷயத்துல, நீங்களா வைக்கலன்னா நோட்ல பதில் ஹெடர் வர 5 நிமிஷம் வரைக்கும் காத்துட்டு இருக்கும். ப்ராமிஸ் ரேஸ் (ரிக்வெஸ்டையும் ஒரு டைமரையும் சேத்து ஓடவிட்டு முதல்ல முடியறதை எடுத்துக்கறது) போட்டு சமாளிக்கறது தப்பான வழி, உங்க கோடு முன்னாடி போயிடுமே தவிர அந்த ரிக்வெஸ்ட் பின்னாடி ஓடிட்டேதான் இருக்கும். அபார்ட்சிக்னல்.டைம்அவுட்டை சிக்னலா குடுங்க, ப்ரவுசர் நோட் ரெண்டுலயும் இருக்கு, நிஜமாவே வெட்டிவிடும். டைம்அவுட் ஆன ரிக்வெஸ்டை திருப்பி அனுப்பறப்போ கெட்னா (டேட்டாவ படிக்க மட்டும்) பரவால்ல, போஸ்ட்னா (டேட்டாவ எழுத) யோசிங்க, முதல் தடவையே சர்வர்ல வேலை முடிஞ்சிருக்கலாம், பதில் மட்டும் லேட்டாகியிருக்கலாம்.

தமிழ் டேட்டா வச்சு வேலை பாக்கறவங்களுக்குன்னே ஒரு பொறி இருக்கு. நோட்ல பழைய ஸ்டைல் ஹெச்டிடிபிஎஸ் மாட்யூல்ல டேட்டா வர வர ஸ்ட்ரிங்கோட கூட்டிக்கிட்டே போற கோடு இன்டர்நெட் பூரா இருக்கு. இங்கிலீஷுக்கு அது ஜம்முனு ஓடும். தமிழ்ல ஒரு யூனிகோட் குறிக்கு யூடிஎஃப்-8ல 3 பைட், ‘கி’ன்னா ‘க’வுக்கு 3, இகரக் குறிக்கு 3, ஆக 6. ஒரு துண்டு சரியா அந்த 3 பைட்டுக்கு நடுவுல முறிஞ்சா ரெண்டு பாதியையும் தனித்தனியா ஸ்ட்ரிங்காக்கி � வந்து நிக்கும். எல்லா தடவையும் வராது, பெரிய பதில்ல எப்பவாவது ஒரு எழுத்து மட்டும் போயிருக்கும், அதான் கண்டுபிடிக்கறது கஷ்டம். ரெஸ்பான்ஸ்ல செட்என்கோடிங் யூடிஎஃப்-8 போட்டா தீர்ந்துது. ஃபெட்ச்ல ஸ்ட்ரீமா படிச்சா டெக்ஸ்ட்டீகோடர்ல ஸ்ட்ரீம் ட்ரூ குடுக்கணும். ஹெடர்ல தமிழ் வைக்கவே முடியாது, யூசர் பேரை ஹெடர்ல அனுப்பலாம்னு ‘தமிழ்’னு போட்டா 2980ங்கற எழுத்து 255ஐ விட பெருசுன்னு நோட் திட்டும், அது ‘த’வோட யூனிகோட் எண். என்கோட் பண்ணி அனுப்புங்க.

மிச்சம் சில்லறை. ஃபார்ம்டேட்டால ஃபைல் அனுப்பறப்போ கன்டென்ட்-டைப்பை நீங்க எழுதாதீங்க, எழுதினா பவுண்டரி (பகுதிகளை பிரிச்சு காட்டற குறி) விட்டுப்போய் சர்வரால பிரிக்க முடியாது. ஆப்ஜெக்ட்டை ஸ்ட்ரிங்கிஃபை பண்ணாம பாடில வச்சா “ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்”னுதான் போகும். மெத்தட் பேரை சின்ன எழுத்துல எழுதறவங்க பேட்ச்ல மாட்டுவீங்க, கெட், போஸ்ட், புட், டிலீட் எல்லாம் தானா பெரிய எழுத்தா மாறும், பேட்ச் மட்டும் மாறாது, அப்படியே போகும், நிறைய சர்வர் அதை தெரியாத மெத்தட்னு திருப்பி விட்டுடும்.