எங்கே ஒற்று, எங்கே காற்புள்ளி? தொடரைப் பிரித்துப் பார்க்கும் முறை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், மீனாட்சிபுரம் பக்கம் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளின் நோட்டைத் திறந்தால் இரண்டு பிழைகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். இரண்டு சொற்களுக்கு நடுவே வரும் க், ச், த், ப் என்னும் ஒற்று, வேண்டாத இடத்தில் விழுந்திருக்கும். மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் காற்புள்ளி இருக்கும். மலையாளத்தில் சொற்களைச் சேர்த்தெழுதிப் பழகிய கை, தமிழிலும் அப்படியே ஓடுவதும் உண்டு.

எல்லாவற்றுக்கும் வழி ஒன்றுதான். எந்தச் சொல் எந்தச் சொல்லைத் தழுவுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். தழுவும் சொல் அடுத்தே இருந்தால் சேர்த்துப் படிக்கிறோம். அங்கே ஒற்று வருமா என்று கேட்கலாம். தள்ளி இருந்தால் நிறுத்திப் படிக்கிறோம். அங்கே காற்புள்ளி வேண்டுமா என்று கேட்கலாம். ஒரே இடத்தில் இரண்டும் வராது. ‘தம்பியைத் தேடினார்’ என்பதில் ஒற்று உண்டு. ‘தம்பியை, காலையில் வந்த மாமா தேடினார்’ என்று நிறுத்தினால் ஒற்று போய்விடும்.

எழுவாய், பயனிலை, வேற்றுமை உருபு மூன்றும் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: கடைசியிலிருந்து தொடங்குங்கள்

பென்சிலை எடுத்து வாக்கியத்தின் வினைமுற்றை (முடிந்து நிற்கும் வினையை)ச் சுற்றி வட்டம் போடுங்கள். பெரும்பாலும் அது கடைசிச் சொல். முன்னாலிருந்து தொடங்கினால் எச்சங்களில் சிக்கிக்கொள்வீர்கள்.

படி 2: எச்சங்களுக்கு அம்பு போடுங்கள்

வட்டத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். முடியாமல் நிற்கும் வினை ஒவ்வொன்றின் கீழும் கோடு. அது பெயரைத் தேடினால் பெயரெச்சம் (வந்த, ஓடாத, படிக்கும்), வினையைத் தேடினால் வினையெச்சம் (வந்து, ஓடி, படிக்க). தேடும் சொல் வரைக்கும் அம்பு வரையுங்கள். மனத்துக்குள் போட்டால் போதாது, தாளில் போட வேண்டும்.

படி 3: பெயரெச்சம்

இங்கேதான் நன்றாக எழுதுபவர்களும் சறுக்குகிறார்கள். ‘வந்த பையன்’, ‘படித்த புத்தகம்’: அம்பு குட்டையாக இருந்தால் ஒற்றும் வேண்டாம், காற்புள்ளியும் வேண்டாம். ஈறு கெட்ட எதிர்மறையில், அதாவது கடைசி ‘த’ விழுந்துவிட்ட இடத்தில் மட்டும் ஒற்று மிகும்: ஓடாக் குதிரை, வாடாப் பூ. ‘ஓடாத குதிரை’ என்று முழுதாக எழுதினால் மிகாது.

அம்பு நீளும்போதுதான் சிக்கல். 2022 செப்டம்பரில் பாலக்காடு மாவட்டத்திலுள்ள பரம்பிக்குளம் அணையின் மதகு ஒன்று உடைந்தது. இதை ‘உடைந்த பரம்பிக்குளம் அணையின் மதகு’ என்று எழுதினால் என்ன ஆகும்? அணையே உடைந்துவிட்டதாகப் பொருள் வருகிறது. ‘உடைந்த’ தேடுவது மதகை. ஆனால் நடுவே அணை நிற்கிறது. படிப்பவர் முதலில் கண்ட பெயரோடு எச்சத்தை ஒட்டிவிடுவார்.

‘உடைந்த, பரம்பிக்குளம் அணையின் மதகு’ என்று காற்புள்ளி போட்டுப் பிரிக்கலாம். அது பிழையில்லை. ஆனால் வேகமாகப் படிக்கும்போது அந்தப் புள்ளி கண்ணில் படாது. எச்சத்தை அதன் பெயருக்குப் பக்கத்தில் நகர்த்துவதே என் தேர்வு: ‘பரம்பிக்குளம் அணையின் உடைந்த மதகு’. செய்தி எழுதுகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஊர் பதறும்.

படி 4: வினையெச்சம்

ஒரே எச்சம் வந்து, அடுத்தே வினை இருந்தால் காற்புள்ளி தேவையில்லை. வல்லினம் தொடர்ந்தால் ஒற்றைப் பாருங்கள். இகரத்திலும் ‘ய்’யிலும் முடிந்தால் மிகும்: ஓடிப் போனான், போய்ச் சேர்ந்தான். அகரத்தில் முடிந்தாலும் மிகும்: வரச் சொன்னான். ‘த்து, ட்டு, ற்று’ என வன்தொடராக முடிந்தாலும் மிகும்: படித்துக் காட்டினான். ‘வந்து போனான்’, ‘நின்று பேசினான்’, ‘செய்து கொடுத்தான்’ இவற்றில் மிகாது.

எச்சங்கள் அடுக்கி வந்தால் கடைசி எச்சத்தைத் தவிர ஒவ்வொன்றுக்கும் பின் காற்புள்ளி: காலையில் எழுந்து, பல் துலக்கி, மாட்டைக் கட்டிவிட்டுப் பள்ளிக்குப் போனான்.

இனி இதைப் பாருங்கள்: ‘கண்ணன் அழுதுகொண்டே ஓடிய தம்பியைப் பிடித்தான்.’ அழுதது யார்?

‘கண்ணன், அழுதுகொண்டே ஓடிய தம்பியைப் பிடித்தான்’ என்றால் தம்பி.
‘கண்ணன் அழுதுகொண்டே, ஓடிய தம்பியைப் பிடித்தான்’ என்றால் கண்ணன்.

எழுவாய்க்குப் பின் காற்புள்ளி கூடாது என்பது பொது வழக்கம். முதல் வாக்கியத்தைப் போலப் பொருள் மாறும் இடத்தில் அதைத் தயங்காமல் போடுங்கள். அம்பு வரைந்திருந்தால் எது வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும்.

படி 5: தொகையா? விரித்துப் பாருங்கள்

இரண்டு சொற்களுக்கு நடுவே ஏதோ மறைந்திருக்கிறது என்று தோன்றினால் அதை வெளியே எடுங்கள். மருந்துக்கடை: மருந்து விற்கும் கடை, உருபோடு பயனும் மறைந்ததால் ஒற்று மிகும். பச்சைக்கிளி: பச்சையான கிளி, பண்புத்தொகை, மிகும். இரவுபகல்: இரவும் பகலும், மிகாது. ஊறுகாய்: ஊறிய, ஊறுகின்ற, ஊறும் என மூன்று காலத்துக்கும் விரியும், வினைத்தொகை, மிகாது. ‘துணி துவைத்தான்’ என்பதில் ‘ஐ’ மறைந்திருக்கிறது, மிகாது. ‘துணியைத் துவைத்தான்’ என்று வெளிப்பட்டால் மிகும். தொகைக்குள் காற்புள்ளிக்கு இடமே இல்லை.

‘தந்த பலகை’ என்றால் யாரோ கொடுத்த பலகை. ‘தந்தப் பலகை’ என்றால் யானைத் தந்தத்தால் ஆனது. கணினியில் பிழை காட்டும் வாணி, நாவி போன்ற திருத்திகள் நல்ல துணைதான், பயன்படுத்துங்கள். ஆனால் இரண்டு வடிவமும் சரியாக இருக்கும் இடத்தில் நீங்கள் நினைத்தது எது என்று எந்தக் கருவிக்கும் தெரியாது. பென்சில் முதலில், திருத்தி பிறகு.

படி 6: விளியும் பட்டியலும்

‘அம்மா, கடைக்குப் போ.’ அழைத்தால் காற்புள்ளி. பட்டியலில் ‘மா, பலா, வாழை’ என்று எழுதலாம், ‘மாவும் பலாவும் வாழையும்’ என்றும் எழுதலாம். இரண்டையும் கலக்க வேண்டாம்.

பின்சேர்க்கை: ‘என்று’, ‘என’ இரண்டிலும் ஒரே மாதிரி ஒற்றுப் போடலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். முடியாது. ‘என்று சொன்னான்’ என்பதில் ‘று’வுக்கு முன் ‘ன்’ என்ற மெல்லினம் நிற்கிறது, அது மென்தொடர், மிகாது. ‘எனச் சொன்னான்’ அகர ஈற்று வினையெச்சம், மிகும். படி 4-இன் விதியேதான் இங்கும்.